ஊருக்குப் போனவர் வீட்டு கேட்டில் ஒரு துண்டு

போலீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன் என்று சொல்லிக்கொண்டால் என் வயதைப் பார்த்துச் சிரிப்பார்கள். நாற்பதுகூட ஆகவில்லை. வேலையை விட்டுவிட்டு வந்தவன் என்பதுதான் சரி. ஆனாலும் புதிதாக எஸ்.ஐ. தேர்வில் தேறி வருகிற தம்பிகள் என்னை ரிட்டயர்ட் ஆன பெரியவரை விசாரிப்பது போலத்தான் விசாரிக்கிறார்கள். போன மாதம் பண்ருட்டிப் பக்கத்துத் தம்பி ஒருவர் போனில் நேராகவே கேட்டுவிட்டார்.

"கஷ்டப்பட்டு வாங்குன வேலைய வுட்டுட்டு ஏன் சார் டிவி பக்கம் போனீங்க?"

"பயந்துட்டேன் தம்பி" என்றேன்.

விளையாடுகிறேன் என்று நினைத்து அவர் சிரித்தார். எதற்குப் பயந்தேன், யாருக்காகப் பயந்தேன் என்பதைப் போனில் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன். ஆட்களின் பெயர்களை எல்லாம் மாற்றியிருக்கிறேன்.

காடாம்புலியூரைத் தாண்டி உள்ளே போகிற ஒரு ஊர் எங்களுடையது. அப்பா சுரங்கத்தில் காண்ட்ராக்ட் வேலை. கடைசி வரைக்கும் பர்மனென்ட் ஆகவில்லை. அம்மா நெய்வேலி டவுன்ஷிப்பில் வீட்டு வேலை செய்தார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான்தான். எஸ்.ஐ. ஆனதும் அப்பா ஊர் முழுக்க என் போட்டோவைக் காட்டினார். பயிற்சியைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. ஓடினோம், சட்டம் படித்தோம், மறுபடியும் ஓடினோம். அது முடிந்து கொஞ்ச காலத்திலேயே ஒரு தனிப்படையில் போட்டார்கள். குற்றவாளியைத் தேடுவது மட்டும்தான் அந்தப் படைக்கு வேலை. அதற்குத் தலைமை இன்ஸ்பெக்டர் தணிகாசலம்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மெலிந்த ஆள். வயிற்றுப் புண் இருந்ததால் எப்போதும் சட்டைப் பையில் பொரி வைத்திருப்பார். விசாரணைக்கு ஒரு வீட்டுக்குப் போனால் முதலில் செருப்பைக் கழற்றுவார், குடிக்கத் தண்ணீர் கேட்பார். அப்புறம் வெயிலைப் பற்றி, பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசுவார். கேள்வியே வராது. எதிரே இருப்பவர் தாங்க முடியாமல் தானாக ஆரம்பிக்கும் வரை தரையில் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருப்பார். வெளியே வந்ததும் என்னைக் கேட்பார்: "அந்தம்மா எப்ப எந்திரிச்சு உள்ள போச்சு? நாம எதப் பேசறப்ப?" நான் முழிப்பேன். கோபம் வந்தால் அவருக்கு மரியாதை கூடிவிடும். "நீங்க எதுக்குங்க கஷ்டப்படறீங்க, வண்டியிலயே உக்காந்துக்குங்க" என்பார். அந்த 'ங்க'வைக் கேட்டால் எனக்கு வியர்த்துவிடும்.

தகவல் சொன்னவர் பெயரை அவர் எங்கேயும் எழுத மாட்டார், வாயாலும் சொல்ல மாட்டார். கேஸ் டைரியில் 'நம்பத்தகுந்த இரகசியத் தகவலின் பேரில்' என்று ஒரு வரி இருக்கும், அவ்வளவுதான். அவர் ஏன் அப்படி இருக்கிறார் என்பது கலியமூர்த்தி கேஸில்தான் எனக்குப் புரிந்தது.

கலியமூர்த்தி, தன்னை வேலையிலிருந்து நிறுத்திய காண்ட்ராக்ட் மேஸ்திரி ஒருவரை சேத்தியாத்தோப்பு பக்கம் ஒரு பஸ் நிறுத்தத்தில் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றுவிட்டுத் தலைமறைவானவன். அங்கே டீக்கடை வைத்திருந்தவர் எங்களிடம் எதுவுமே சொல்லவில்லை. "உள்ள பால் காய்ச்சிகினு இருந்தேங்க, ஒண்ணும் பாக்கல" என்று சாதித்துவிட்டார். ஆனால் எங்கள் ஏட்டு ஒருவர் யாரிடமோ பேச்சுவாக்கில், "டீக்கடைக்காரரு எல்லாத்தையும் கக்கிட்டாரு" என்று அளந்துவிட்டார். அந்தப் பேச்சு ஊர் சுற்றிக் கலியமூர்த்தி காதுக்குப் போனது. நாங்கள் அவனை மாவட்டம் பூராவும் தேடிக்கொண்டிருக்க, அவன் சாவகாசமாக ஒரு சைக்கிளில் வந்து, டீ ஆற்றிக்கொண்டிருந்தவரின் வலது கையைக் கல்லாப் பெட்டி மேல் வைத்து அழுத்தி விரல்களை எடுத்துவிட்டுப் போனான்.

ஆஸ்பத்திரியில் அவரைப் பார்க்க இன்ஸ்பெக்டரோடு நானும் போனேன். கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டி, "நான் ஒண்ணுமே சொல்லலியே சார், நீங்களே சொல்லுங்க, நான் எதுனா சொன்னனா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். தணிகாசலம் சார் வண்டியில் வந்து உட்கார்ந்ததும் அந்த ஏட்டைப் பார்த்து, "நீங்க எறங்கி பஸ்ல வாங்க" என்றார். அன்றிலிருந்து அந்த ஏட்டு படையில் இல்லை.

கலியமூர்த்தி கிடைக்கவில்லை. வடலூர் ஆட்டோ ஸ்டாண்டு, வளையமாதேவிப் பக்கத்துக் களங்கள், முந்திரித் தோப்புகள் என்று எல்லாம் அலசினோம். செல்போனை அவன் முதல் நாளே தூக்கிப் போட்டுவிட்டான். அப்போதுதான் இன்ஸ்பெக்டர் ஒன்று சொன்னார்.

"ஆள விடு. அவனுக்குச் சோறு எங்கேர்ந்து போவுதுன்னு பாரு."

அவனுக்குத் தாய் தகப்பன் இல்லை. கூடப் பிறந்த ஒரே அண்ணனும் செத்துப்போய்விட்டான். அந்த அண்ணன் மனைவி அஞ்சலை, பாப்பா என்று கூப்பிடுகிற, பள்ளிக்கூடம் போகிற ஒரு மகளோடு அவன் இருந்த வீட்டிலேயே இருந்தாள். அவள் டவுன்ஷிப்பில் ஒரு பிளாக்கில் சில வீடுகளில் வேலை செய்துகொண்டிருந்தாள். ஒரு காலத்தில் என் அம்மாவும் அதே பிளாக்கில் வேலை செய்தவர். இருவரும் ஒரே பஸ்ஸில் போய் வந்தவர்கள். அவளைக் கண்காணிக்க என்னை அனுப்பினார்கள். கூரியர் கம்பெனிப் பையை மாட்டிக்கொண்டு போனேன்.

டவுன்ஷிப்பைத் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒரு பிளாக்கில் எல்லா குவார்ட்டர்ஸும் ஒரே அச்சு. அதே கேட், அதே ஜன்னல், அதே சந்து. தென் மாவட்டத்துக்காரர், கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர் என்று பல ஊர் ஆட்கள். எல்லாரையும் சேர்த்துக் கட்டுவது ஷிப்ட்தான். நைட் ஷிப்ட் முடிந்து வந்தவர் பகலில் தூங்குவார். அப்படித் தூங்குகிற வீட்டு கேட்டில் ஒரு துண்டைக் கட்டிவைப்பது அந்த பிளாக்கில் ஒரு வழக்கம். துண்டைப் பார்த்தால் பால்காரர் பெல் அடிக்க மாட்டார், அயர்ன்காரர் குரல் கொடுக்க மாட்டார், பந்து விளையாடும் பிள்ளைகள் அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்கள். அங்கே வீட்டு வேலைக்குப் போகிற பெண்கள் முதலில் கற்றுக்கொள்வது அதைத்தான்.

பள்ளிக்கூடக் கோடை விடுமுறை. பாதி பிளாக் சொந்த ஊருக்குப் போயிருந்தது. பாண்டியன் என்பவர் வீட்டில் குடும்பத்தோடு விருதுநகர்ப் பக்கம் போய்விட்டார்கள். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதற்காக சாவி அஞ்சலையிடம். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அன்று காலை அந்தத் தெருவில் போனபோது, அவள் ஒரு வீட்டு வாசலில் ரோஜாச் செடிக்குக் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தாள் என்பது மட்டும்தான் தெரியும். கேட்டில் ஒன்றுமில்லை.

என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் யார் மகன், என்ன வேலையில் இருக்கிறேன் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். வேறு நாளாக இருந்தால், "அம்மா எப்டி கீறாங்க?" என்று கேட்டிருப்பாள். அன்று கேட்கவில்லை. குழாய் ஒரே செடியில் ஊற்றிக்கொண்டே இருந்தது. தொட்டி நிரம்பி, வழிந்து, அவள் காலை நனைத்தது. அவள் நகரவில்லை. நான் தெருக்கோடி வரை போய்ச் சும்மா ஒரு வீட்டில் விலாசம் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன்.

அவள் உள்ளே போயிருந்தாள். கேட்டில் ஒரு சிவப்புத் துண்டு கட்டியிருந்தது.

எதிர் குவார்ட்டர்ஸில் சுப்பையா அண்ணாச்சி என்று திருநெல்வேலிக்காரர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "எதிர்வீட்டு சாருக்கு ஒரு கவர் இருக்கு, நைட் ஷிப்டா?" என்று கேட்டேன்.

"பாண்டியனா? அவுக ஊருக்குல்லா போயிருக்காவ. ஸ்கூல் தொறந்தாத்தான் வருவாக."

"துண்டு கட்டியிருக்குதே."

அண்ணாச்சி பேப்பரை இறக்கிப் பார்த்தார். "அட, ஆமா. வேலைக்காரப் பிள்ள மறந்தாப்ல போட்டுருக்கும்." குரலை அவர் தாழ்த்திக்கொண்டதைக் கவனித்தேன். ஆள் இல்லாத வீடு என்று அவரே சொல்லிவிட்டு, துண்டைப் பார்த்ததும் பழக்கத்தில் மெதுவாகப் பேசினார். அந்த பிளாக்கில் யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்வார்கள். துண்டைப் பார்த்தால் அந்த வீட்டை அப்புறம் யாரும் பார்ப்பதில்லை.

தெருமுனைக்குப் போய் இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவ உன்னைப் பாத்ததுக்கு அப்புறம்தான் கட்டினாளா? நிச்சயமா தெரியுமா?" என்றார்.

"நிச்சயம் சார். போய்ப் பேசிப் பாக்கட்டுமா? ஒரு வார்த்தை கேட்டா சொல்லிடுவா."

"கேக்காத. நீ கேட்டு, அவ ஒரு வார்த்தை சொல்லிட்டா அவ தகவல் குடுத்தவ. நீ கேக்காத வரைக்கும் செடிக்குத் தண்ணி ஊத்த வந்த பொம்பள. இன்னைக்குன்னு இல்ல, எப்பவுமே கேக்காத."

மதியம் ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடிந்து ஆட்கள் வீடு திரும்புகிற நேரத்தை அவர் தேர்ந்தெடுத்தார். தெருவில் ஹெல்மெட்டும் சாப்பாட்டுப் பையுமாகக் கூட்டம் வரும், அதில் நாலு பேர் கூடினால் தெரியாது. எங்கள் ஆட்களுக்கும் ஹெல்மெட், பை. அதுவரை அஞ்சலை வெளியே வந்துவிடுவாள் என்று காத்திருந்தோம். வரவில்லை. மற்ற வீடுகளுக்கும் வேலைக்குப் போகவில்லை. அவன் அவளை வெளியே விடவில்லை என்று எனக்குத் தோன்றியது. அவளோடு நான் ஒரு பார்வை பரிமாறிக்கொண்டதை ஜன்னல் வழியாக அவன் பார்த்திருந்தால்? அந்தக் காத்திருப்பில் டீக்கடைக்காரரின் கட்டுப் போட்ட கைதான் கண்ணுக்குள் இருந்தது.

பின்சந்து வழியாகப் போனோம். பின்வாசல் குழாயடியில் அஞ்சலை பாத்திரம் அலசிக்கொண்டிருந்தாள். கதவு முழுசாகத் திறந்திருந்தது. நாங்கள் சுவர் ஏறி இறங்கியது அவளுக்குக் கேட்டிருக்கும். தலையைத் தூக்கவில்லை. குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டு, ஒரு குண்டானைத் தரையில் வைத்து சத்தமாக உருட்டினாள். அவளை உரசிக்கொண்டுதான் உள்ளே போனேன்.

அவன் பாண்டியன் வீட்டுக் கட்டிலில், ஃபேனுக்குக் கீழே, சட்டை இல்லாமல் படுத்திருந்தான். தலையணைக்குக் கீழே அரிவாள். அதற்குக் கை போவதற்குள் அமுக்கிவிட்டோம்.

அதற்குப் பிறகு இன்ஸ்பெக்டர் செய்ததுதான் நான் அவரிடம் கண்ட பெரிய காரியம். அஞ்சலையை முடியைப் பிடிக்காத குறையாக உள்ளே இழுத்து வரச் சொன்னார். கலியமூர்த்தி எதிரிலேயே கத்தினார்.

"எத்தன நாளாடி இவனுக்குச் சோறு போடுற? ஏத்துங்கய்யா இவளையும் வண்டியில."

அவள் சுவரோடு ஒண்டிக்கொண்டு அழுதாள். நடிக்கவில்லை. நிஜமான அழுகை. கைவிலங்கோடு கிடந்த கலியமூர்த்தி தலையைத் தூக்கினான்.

"அதுகிட்ட வராதீங்க சார். நான்தான் சாவியப் புடுங்கிகினு வந்தேன். அதுக்கு ஒண்ணும் தெரியாது."

"தெரியாதா? எழுதிக் குடுப்பியா?"

"எங்க வேணா எழுதிக் குடுக்கறேன். அண்ணிய வுட்டுடுங்க."

இன்ஸ்பெக்டர் ரொம்ப நேரம் யோசிப்பவர் போல நின்றார். பிறகு வேண்டாவெறுப்பாக, "போ, போய்த் தொல" என்று அவளைத் துரத்தினார்.

ஸ்டேஷனுக்கு வந்த பிறகு தனியாக இருக்கும்போது என்னிடம் சொன்னார்: "அவளை அவன்தான் காப்பாத்தினான்னு அவன் நெனச்சிக்கணும். தான் காப்பாத்துன ஆள் மேல யாருக்கும் சந்தேகம் வராது. ஜெயில்ல உக்காந்து ஊர்ல இருக்கற ஒவ்வொருத்தனையா நெனச்சிப் பாப்பான். அவ மட்டும் அந்த வரிசையில வர மாட்டா." பொரியை எடுத்து வாயில் போட்டார்.

தண்டனை கிடைத்தது. எனக்குப் பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். ஆனால் அதற்குப் பிறகு எந்தக் கேஸிலும் ஒருவர் வந்து, "சார், ஒரு விஷயம்" என்று ஆரம்பித்தாலே எழுந்து வெளியே போய்விடத் தோன்றும். சொல்லாதே, என் தலையில் ஏற்றாதே என்று மனசு கெஞ்சும். எனக்குத் தெரிந்தால் நான் எங்காவது வாய் தவறிவிடுவேன். ஏட்டு தவறினாரே. ஊர்க் கல்யாணங்களுக்குப் போவதை நிறுத்தினேன். தூக்கத்தில் உளறுவேனோ என்று தனியாகப் படுத்தேன். துப்பறிகிறவனுக்குத் தெரிந்துகொள்வதிலேயே பயம் வந்துவிட்டால் அவன் அந்த வேலையில் இருக்கக் கூடாது. விட்டுவிட்டேன்.

அப்பா சொன்னது இது: "சர்க்கார் வேலைய வுட்டுட்டு எவனாவது டிராமாக்காரன் பின்னால போவானாடா? நாளைக்கு எவன் பொண்ணு குடுப்பான்?"

டிவிக்குப் போனது தற்செயல். ஒரு குற்றத் தொடருக்கு போலீஸ் சல்யூட்டும் எஃப்.ஐ.ஆரும் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஆள் தேடினார்கள். போனேன். பிறகு திரைக்கதை பேசினேன். பிறகு ஒரு நண்பரோடு சேர்ந்து சின்னதாக ஒரு தயாரிப்பு நிறுவனம் தொடங்கினேன். கேமராவுக்கு முன்னால் சாகிறவர்கள் எழுந்து டீ குடிக்கப் போவார்கள். எனக்கு அது போதுமாக இருந்தது.

சானல்காரர்கள் ஒருமுறை, "உங்க சொந்த அனுபவத்துல ஒரு கேஸ் பண்ணுங்க" என்று கேட்டபோது, கலியமூர்த்தி கேஸை ஒத்துக்கொண்டேன். கோர்ட்டில் பேசி முடித்த கேஸ், பேப்பரில் வந்த கேஸ். பிடித்த விதத்தை மட்டும் செல்போன் டவர் என்று மாற்றி எழுதினோம். டவுன்ஷிப்பில் காலியாகக் கிடந்த குவார்ட்டர்ஸ் ஒன்றில், உரிய அனுமதியோடு படப்பிடிப்பு. பாண்டியன் வீட்டுக்கு ரெண்டு வீடு தள்ளி.

எங்கள் இயக்குனர் பிரவீன் கெட்டிக்காரப் பையன். லொக்கேஷனில் நாலு பேரிடம் பேசாமல் கேமரா வைக்க மாட்டான். மகன் வீட்டில் தங்கிவிட்ட சுப்பையா அண்ணாச்சியிடம் காபி குடிக்கப் போனவன், முகமெல்லாம் வெளிச்சமாக ஓடி வந்தான்.

"சார், நீங்க சொல்லவே இல்லியே! நைட் ஷிப்ட் வீட்ல துண்டு கட்டுவாங்களாமே. அந்த வேலைக்கார அம்மா ஆளே இல்லாத வீட்ல கட்டினாங்களாமே. டவராவது மண்ணாவது, இதான் சார் எபிசோடு. போலீஸ்காரன் துண்டப் பாக்கறான், கட் பண்ணா அந்தம்மா கண்ணு."

"அதெல்லாம் வேணாம் பிரவீன்."

"ஏன் சார்?"

ஏன் என்று சொன்னால் அவனுக்கும் தெரிந்துவிடும். "வேணாம்னா வேணாம்" என்றேன். அதற்குள் ஆர்ட் அசிஸ்டென்ட் ஒரு சிவப்புத் துண்டை கேட்டில் கட்டிவிட்டிருந்தார். அவிழ்க்கச் சொல்ல வாயைத் திறந்தேன். தெருவில் ஒரு மொபெட் வந்து நின்றது.

ஓட்டி வந்தவன் இறங்கி ஸ்டாண்டு போட்டான். தலை நரைத்து, தொப்பை விழுந்திருந்தது. அப்பீலில் தண்டனை குறைந்து கலியமூர்த்தி வெளியே வந்துவிட்டான் என்று எனக்குத் தெரியும். மறுபடியும் அண்ணி இருக்கிற வீட்டில்தான் இருக்கிறான் என்று தெரியாது. பின்னால் உட்கார்ந்திருந்த அஞ்சலை டிபன் தூக்கோடு இறங்கினாள்.

"என்னா சார், என்ன அடையாளம் தெரிதா? அண்ணிய வேலைக்கு வுட வந்தேன். ஷூட்டிங்னாங்க, நம்ம கதன்னும் சொன்னாங்க." சிரித்தான். பகை இருப்பதாகவே தெரியவில்லை. கையெடுத்துக் கும்பிட்டான். "எனக்கு ஆக்டிங் பண்ற தம்பி யாரு? கொஞ்சம் நல்லா இருக்கறவனா போடுங்க."

யூனிட்டில் நாலைந்து பேர் சிரித்தார்கள். நானும் சிரித்ததாக ஞாபகம். அஞ்சலை கேட்டைப் பார்த்தாள். துண்டைப் பார்த்தாள். அப்புறம் தரையைப் பார்த்தாள்.

அவனும் பார்த்துவிட்டான்.

"தோ பார்றா, துண்டு" என்றான். "அன்னைக்கும் இதே கலருதான். அண்ணிதான் கட்டுச்சு. யாரும் பெல் அடிக்க மாட்டாங்கன்னு. அதே மாரி ஒருத்தன் எட்டிப் பாக்கல." என் பக்கத்தில் வந்தான். குரல் தணிந்தது. "உள்ள இருந்தப்பல்லாம் இத ஒண்ணுதான் சார் நெனச்சிகினு இருந்தேன். போன் இல்ல. வெளிய வரல. யார்கிட்டயும் பேசல. எப்டி புடிச்சீங்க? யாரு சொன்னா? இப்ப என்னா ஆவப்போவுது, சொல்லுங்க."

பிரவீன் எனக்குப் பின்னால் மூச்சை இழுப்பது கேட்டது. அவன் வாயைத் திறந்தால் முடிந்தது. 'துண்டுதாங்க காட்டிக்குடுத்துச்சு' என்று ஒரு இயக்குனருக்கே உரிய சந்தோஷத்தோடு சொல்லிவிடுவான். கையைப் பின்னால் நீட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்தேன். நகம் பதிகிற அளவுக்குப் பிடித்தேன்.

டவர் என்று சொல்ல முடியாது, போனே இல்லை. யாரோ சொன்னார்கள் என்றால் அந்த யாரோவைத் தேடிப் போவான். யார் பெயரும் இல்லாத, யார் விரலும் போகாத ஒரு பதில் வேண்டும். அதுவும் உடனே. யோசித்துச் சொன்னால் நம்ப மாட்டான்.

"யாரும் சொல்லல" என்றேன். "நீதான் சொன்ன. பின்சந்துல கூரியர் பையோட நடந்து போனேன். ஊருக்குப் போனவங்க வூட்டுச் சாக்கடையில வாசன சோப்பு நுரை ஓடிச்சு. ஆளில்லாத வூட்ல யாரு குளிக்கறதுன்னு தோணிச்சு."

அவன் என்னையே பார்த்தான். நம்பினானா என்று எனக்குத் தெரியவில்லை. கண் சிமிட்டாத பார்வை. மெல்ல முகத்தைத் திருப்பி, கேட்டில் இருந்த துண்டை மறுபடி பார்த்தான். அப்புறம் அவன் கண் அஞ்சலை பக்கம் போகத் தொடங்கியது.

அது அவளைப் போய்ச் சேருவதற்குள் அவள் பேசினாள்.

"நான் அப்பவே சொன்னேனா இல்லியா? சோப்பு போடாத, வெறுந்தண்ணிய ஊத்திக்கன்னு. கேட்டியா? மாப்ள கணக்கா நுரை நுரையா தேச்சிகினு இருந்த." தூக்கை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். "உன்னால என்னயும் உள்ள தள்ளப் பாத்தாங்க."

அப்படி ஒரு சம்பவமே கிடையாது. சோப்பு நான் அந்த நொடியில் கண்டுபிடித்தது. போலீஸில் இருந்த ஒருத்தன் முன்னால், கூடியிருந்த ஊர் முன்னால், அவன் ஒளிந்திருந்தது தனக்குத் தெரியும் என்று ஒத்துக்கொண்டு என் பொய்க்கு அவள் முட்டுக்கொடுத்தாள். குரலில் நடுக்கமே இல்லை. ஆனால் அவள் சுண்டுவிரல் தூக்கின் கைப்பிடியில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. அதை நான் மட்டும்தான் பார்த்தேன் என்று நம்புகிறேன்.

கலியமூர்த்தி தன் நெற்றியில் தானே அடித்துக்கொண்டான். "ஒரு சோப்பு சார். தூ." கொஞ்ச நேரம் சிரித்தான். பிறகு ஏதோ நினைவு வந்தவனாக, "அப்ப டீக்கடைக்காரனும் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டான் போல. அவன் வெரலு வீணாப் போச்சு" என்றான். இன்றைக்கு மழை வரும் போல என்று சொல்வது மாதிரி சொன்னான். மொபெட்டை எடுத்துக்கொண்டு போனான்.

அஞ்சலை என்னைப் பார்க்கவே இல்லை. தூக்கோடு வேலைக்கு நடந்தாள்.

பிரவீனின் மணிக்கட்டை விட்டேன். சிவந்திருந்தது. அவன் தானே போய் கேட்டில் இருந்த துண்டை அவிழ்த்து மடித்து, ப்ராப்பர்ட்டி பெட்டியில் போட்டான். அன்று சாக்கடையில் சோப்பு நுரையைப் படமாக்கினோம். எபிசோடு ஒளிபரப்பானது. சோப்பு நுரை சீன் பிரமாதம் என்று பலர் சொன்னார்கள். கடலூர் மாவட்டத்திலிருந்து தெரியாத நம்பர் எது வந்தாலும் முதல் மணியிலேயே எடுத்தேன். அஞ்சலையின் பேச்சை அவன் நம்பாமல் போயிருந்தால்? வீட்டுக்குப் போய் ஆற அமர யோசித்தால்? வாரா வாரம் அந்த பிளாக்கில் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு வேறு எதையோ விசாரிப்பது போல விசாரிப்பேன். அஞ்சலை இன்றைக்கு வேலைக்கு வந்தாள் என்று பேச்சோடு பேச்சாகக் காதில் விழும் வரை போனை வைக்க மாட்டேன்.

கலியமூர்த்தி இப்போது இல்லை. ஈரல் கெட்டு, ஆஸ்பத்திரியில் போய்விட்டான். அஞ்சலை மகளோடு வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டாள். எந்த ஊர் என்று எழுத மாட்டேன். இதை எழுதலாமா என்று கேட்க அம்மாவின் போனிலிருந்து அவளைக் கூப்பிட்டேன். அந்தத் துண்டுக்குப் பிறகு இத்தனை வருடத்தில் நான் அவளிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அது.

நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். பின்னால் குக்கர் சத்தமும் ஒரு கைக்குழந்தையின் சிணுங்கலும் கேட்டன.

"அவனே போயிட்டான், எழுதிக்க தம்பி" என்றாள். "சோறு போட்டவளே காட்டிக் குடுத்துட்டான்னு சொல்றவங்க சொல்லுவாங்க. சொல்லிட்டுப் போறாங்க."

"எதுக்குன்னு நான் கேக்கலக்கா" என்றேன்.

குழந்தையை யாரோ தூக்கிக்கொண்டு போனது போல சத்தம் தள்ளிப் போனது. பிறகு சொன்னாள்.

"அன்னைக்குக் காலைல, நாளைலேர்ந்து நீ வராத, சோத்த பாப்பாகிட்ட குடுத்தனுப்புன்னான். அத எழுது."